கக்குகிற பிள்ளைக்கு முதல் சோறு

வாசகி கேட்டிருப்பது: அக்கா, எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை பக்கம். மகளுக்கு ஐந்தரை மாதம், தாய்ப்பால் மட்டும்தான். பிறந்தபோது 2.9 கிலோ, போன வாரம் 6.7 கிலோ. பால் குடித்த பத்து நிமிடத்தில் கக்கிவிடுகிறாள், சில நேரம் மூக்கு வழியாகக்கூட வருகிறது. ஆனால் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறாள். டாக்டர் ரிஃப்ளக்ஸ் (வயிற்றில் இருப்பது மேலே ஏறி வருவது) என்றார், மருந்து வேண்டாம், தானாகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டார். மாமியார், "வெறும் பால் வயிற்றில் நிக்காது, கூவைப்பொடியோ (ஆரோரூட் மாவு) ஏத்தங்காய்ப் பொடியோ (நேந்திரங்காய்ப் பொடி) காய்ச்சிக் கொடு" என்கிறார். பக்கத்து வீட்டில், கேப்பைக் கூழைப் பாட்டிலில் கரைத்துக் கொடுத்தால் நின்றுவிடும் என்கிறார்கள். எனக்கோ தொண்டையில் அடைத்துவிடுமோ என்று பயம், எட்டு மாதம் வரை தள்ளிப்போடலாமா என்று தோன்றுகிறது. ஏழாம் மாதம் கோயிலில் சோறு கொடுக்க நாள் பார்த்துவிட்டார்கள். என்ன செய்ய? அதற்கு அப்புறம் தாய்ப்பாலைக் குறைக்க வேண்டுமா?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய நிம்மதி தந்தது அந்த எடைக் கணக்கு. 2.9 கிலோவில் பிறந்த பிள்ளை ஐந்தரை மாதத்தில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டாள். அப்படியென்றால் வெளியே வருவதைவிட உள்ளே தங்குவதுதான் அதிகம். தோளில் போட்ட துண்டு நனைந்து ஒழுகுவதைப் பார்த்தால் குடித்தது முழுவதும் வந்துவிட்டது போலத்தான் இருக்கும், அதில் உங்கள் மேல் தப்பில்லை. ஒன்று செய்து பாருங்கள்: அதே துண்டை விரித்து அதன்மேல் ஒரு டீஸ்பூன் தண்ணீரை ஊற்றுங்கள், அப்புறம் இன்னொரு டீஸ்பூன். எவ்வளவு பெரிய வட்டமாகப் பரவுகிறது என்று பார்த்தால் பாதி பயம் போய்விடும். மாதம் ஒரு தடவை அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ எடை போட்டு அட்டையில் குறித்து வையுங்கள். துண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அந்த அட்டையைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஏன் கக்குகிறாள் என்றால், உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டி சரியாக விழாத கதவு மாதிரி அடிக்கடி திறந்துகொள்ளும். குடிப்பது முழுக்கப் பால், இருப்பது பாதி நேரம் படுக்கையில், அதனால் மேலே வருகிறது. மூக்கும் தொண்டையும் உள்ளே ஒரே பாதைதானே, மூக்கு வழியாக வருவதால் மட்டும் ஆபத்தில்லை, துடைத்துவிட்டால் போதும். இது பொதுவாக நான்கு மாதத்தையொட்டி உச்சத்தில் இருக்கும். பிள்ளை நிமிர்ந்து உட்காரத் தொடங்கினால் குறையும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும், சிலருக்கு ஒன்றரை வயது வரை இழுக்கும். ஆக, கக்கலை நிறுத்துவதற்காகச் சோறு கொடுக்க வேண்டாம். கக்குகிறாள் என்பதற்காகச் சோற்றைத் தள்ளிப்போடவும் வேண்டாம். உங்கள் மாமியாருக்கும் உங்களுக்கும் சேர்த்து நான் சொல்ல நினைப்பது இதுதான்.

ஆறு மாதம், அதாவது 180 நாள் முடிந்ததும் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறக்கும்போது பிள்ளை உடம்பில் சேர்த்துக் கொண்டுவந்த இரும்புச்சத்து அந்த நேரத்தில் தீர ஆரம்பிக்கும், தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு அதற்குப் பிறகு போதாது. எட்டு மாதம் வரை காத்திருந்தால் அந்த இரண்டு மாதமும் நஷ்டம்தான், நாக்கில் கட்டியாக ஒன்று பட்டுப் பழக வேண்டிய காலமும் கை நழுவிவிடும். உங்கள் வீட்டில் பார்த்திருக்கும் ஏழாம் மாதம் அருமையான கணக்கு. பெண் பிள்ளைக்கு ஐந்து அல்லது ஏழு என்று பெரியவர்கள் சொல்லும் அந்த ஏழு பிறக்கும்போது ஆறு மாதம் நிறைந்திருக்கும். அத்தையிடம் சண்டை போட ஒன்றுமே இல்லை, "நீங்க பார்த்த நாளிலேயே கொடுப்போம் அத்தை, அதுவரை பால் மட்டும் இருக்கட்டும்" என்று சொன்னால் முடிந்தது. அந்த நாளுக்குள் தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்துக்கொண்டால் உட்காருகிறாளா, நீங்கள் சாப்பிடும்போது வாயைப் பார்த்துக் கை நீட்டுகிறாளா, விரலை உதட்டில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். கோயிலில் நன்றாகக் குழைந்த சோற்றில் ஒரு பருக்கை அளவு நாக்கில் வைத்தால் போதும். பாயசம் வேண்டாம், தேன் கூடவே கூடாது. தேனால் ஒரு வயதுக்குள் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம், அது தசைகளைத் தளரச் செய்துவிடும். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு உருண்டை ஊட்ட வரிசையில் நிற்பார்கள், அதை மட்டும் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி என்ன கொடுப்பது. கூவைப்பொடியை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான், வயிறு நிறையுமே தவிர இரும்பும் புரதமும் கிடைக்காது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) அப்படித்தான். ஏத்தங்காய்ப் பொடி நல்லது, நம் மாவட்டத்தில் எத்தனையோ தலைமுறை அதில் வளர்ந்திருக்கிறது. ஆனால் அதை மட்டுமே மூன்று வேளையும் காய்ச்சிக் கொடுத்தால் சில பிள்ளைகளுக்கு மலம் இறுகும், முக்கி முக்கி வயிற்றில் அழுத்தம் ஏறினால் கக்கலும் கூடும். அதனால் ஒரு வேளை அது, இன்னொரு வேளை வேறொன்று. மட்டிப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம ஊர்ப் பழம், நன்றாகப் பழுத்ததை விரலாலேயே மசித்து ஊட்டலாம். என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட நல்ல தொடக்கம் நம் அடுப்பிலேயே இருக்கிறது. கஞ்சியும் பயறும் தின்று வளர்ந்த ஊர் இது. அரிசியையும் சிறுபயறையும் சேர்த்துக் குழைய வேகவைத்து, கஞ்சித் தண்ணீரை இறுத்துவிட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, கால் டீஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், கொழுப்பு கூடினால் வயிறு காலியாக நேரமாகும், கக்குகிற பிள்ளைக்கு அது ஆகாது. உப்பு, சீனி, கருப்பட்டி எதுவும் ஒரு வயதுவரை தேவையில்லை.

எவ்வளவு கெட்டியாக? இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் தலைகீழாகச் செய்கிறோம். கக்குகிறாளே என்று பயந்து கஞ்சியை இன்னும் நீர்க்க ஆக்குகிறோம். ஒரு பிள்ளையின் வயிறு கிலோவுக்கு சுமார் 30 மில்லி கொள்ளும், உங்கள் மகளுக்கு ஏறக்குறைய 200 மில்லி. அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் சத்தும் இல்லை, மேலே வருவதற்கும் எளிது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம். முதல் சில நாள் ஒன்றிரண்டு டீஸ்பூன், ஒரு வேளை மட்டும். அப்புறம் மெதுவாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. வாயை மூடினால், தலையைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று திணிக்கிற அந்த வாய்தான் பெரும்பாலும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும்.

பாட்டிலில் கேப்பைக்கூழ் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்குப் போதும் என்று தெரிவதற்குள் அளவுக்கு மீறி உள்ளே போய்விடும், புரையேறும், மென்று விழுங்கப் பழகவும் மாட்டாள். கேப்பை நல்ல தானியம், ஊறவைத்து அரைத்து வடிகட்டிக் கெட்டியாகக் காய்ச்சிக் கரண்டியால் கொடுங்கள். அதேபோல இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் மல்லாக்கப் போட்டு, பாலாடையால் வாயில் ஊற்றுகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அன்போடு செய்வதுதான், ஆனால் படுத்திருக்கும் பிள்ளைக்கு ஊட்டினால் மூச்சுக்குழாயில் போகும். உங்கள் மடியில் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்தபடி நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியை முகத்துக்கு நேராகக் கொண்டுபோங்கள், அவளே உதட்டால் வழித்து எடுக்கட்டும். சாப்பிட்ட பிறகு இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். துணித்தொட்டிலில் உடனே போட்டால் உடம்பு வளைந்து வயிறு அமுங்கும். சாப்பிட்ட கையோடு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் வேண்டாம், குளியல் முன்னால், சோறு பின்னால். தூங்கும்போது கக்குகிற பிள்ளையானாலும் சமமான இடத்தில் மல்லாக்கத்தான் படுக்கவேண்டும், கவிழ்த்துப் போடவோ தலையணை வைத்து உயர்த்தவோ வேண்டாம்.

தொண்டையில் அடைக்கும் என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். முதல் சில நாள் நிச்சயம் ஓங்கரிப்பாள், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், சத்தம் வரும், நாக்கை நீட்டி வெளியே தள்ளுவாள். அது அவளைக் காக்கிற வேலை, நீங்கள் பதறி வாயில் விரலை விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். உண்மையில் அடைத்தால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்படியானால் முன்னங்கையில் தலை தாழக் கவிழ்த்துப் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஐந்து தட்டுத் தட்ட வேண்டும். அதிலும் வரவில்லையென்றால் திருப்பி மல்லாக்கப் பிடித்து, நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்த வேண்டும், வெளியே வரும்வரை மாறி மாறி. இதை அடுத்த தடவை சுகாதார நிலையத்துக்கு எடை போடப் போகும்போது செவிலியரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள், வாசித்துத் தெரிந்துகொள்வதைவிட அது கையில் நிற்கும்.

ஒரு புது உணவு கொடுத்தால் இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரியும். பிறகு வேகவைத்த பூசணி, சீனிக்கிழங்கு, கேரட், கீரை. முட்டையையும் மீனையும் ஒரு வயது வரை தள்ளிவைக்கத் தேவையில்லை, நன்றாக வெந்திருந்தால் இந்த மாதங்களிலேயே ஆரம்பிக்கலாம். குளச்சல், முட்டம் மீன் வீட்டு வாசலுக்கே வருகிற ஊரில் இருக்கிறீர்கள், முள் எடுக்க எளிதான விளமீனை மிளகாய் புளி இல்லாமல் வேகவைத்து, விரலிடுக்கில் உதிர்த்து உதிர்த்து முள் பார்த்து ஊட்டுங்கள். கருவாடு வேண்டாம், முழுக்க உப்பு. தக்காளி, ஆரஞ்சு போன்ற புளிப்புகள் சில பிள்ளைகளுக்குக் கக்கலைக் கூட்டும், கூட்டினால் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், இல்லையென்றால் கொடுக்கலாம். கக்கும்போது கேரட் கொடுத்தால் ஆரஞ்சாக, கீரை கொடுத்தால் பச்சைத் துணுக்காக வரும், புளித்த வாடையும் கூடும், துணியில் கறை போகாது. முதல் வாரங்களில் கக்கல் கொஞ்சம் கூடினாற்போலக்கூட இருக்கலாம். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இவை வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் டாக்டரிடம் போகவேண்டும்: எடை ஏறாமல் நிற்பது அல்லது இறங்குவது, பச்சைப் பித்தமாக வாந்தி, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், பீய்ச்சி அடிக்கிற வாந்தி, குடிக்கும்போதெல்லாம் முதுகை வளைத்து அலறிப் பாலை மறுப்பது, அடிக்கடி இருமல் சளி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமல் துவண்டு கிடப்பது. மூச்சுத் திணறினாலோ நீலம் பாய்ந்தாலோ 108, காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. மலத்தில் சளியும் ரத்தமும், தோலில் கரப்பானும் சேர்ந்து வந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அவர் சொல்லாமல் நீங்களாக மீன் குழம்பையும் பாலையும் விட்டுவிட்டுப் பத்தியம் இருக்காதீர்கள், பால் கொடுக்கிற உடம்பு அது. வயம்பை (வசம்பை) உரசி நாக்கில் தடவுவதும், யாரோ ஒரு பிள்ளைக்கு எழுதின சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

கடைசியாகக் கேட்ட கேள்வி. தாய்ப்பாலைக் குறைக்கவே தேவையில்லை, இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஒரு வயதுவரை அதுதான் முக்கிய ஆகாரம், சோறு அதோடு சேர்கிறது, அவ்வளவுதான். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதை மட்டும் ஒரு வயதுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டப் பால் கொடுத்த உடனே சோறும் ஊட்டாமல், பாலுக்கும் சோறுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள், காலையில் அவள் நல்ல குஷியில் இருக்கிற நேரமாகப் பாருங்கள். ஆறு மாதம் முடிந்தால் அரசு சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து சிரப் தருவார்கள், வாரம் இரண்டு முறை 1 மில்லி. வாங்கும்போது பிள்ளை கக்குகிறாள் என்பதையும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், எப்போது கொடுத்தால் நிற்கும் என்று அவரே சொல்வார்.