சுரங்க ஊர்தியும் இரட்டை விசிலும்

அன்புள்ள ஐயா,

‘மிஸ்ட்’ என்ற கணினிப் புதிர் விளையாட்டின் புதிய பதிப்பை விடுமுறையில் ஆடத் தொடங்கினேன். அதில் செலனிட்டிக் என்ற உலகுக்குப் போகும் ராக்கெட்டைக் கிளப்பவே நான்கு நாள் ஆனது. இப்போது அந்த உலகில், தரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் சுரங்க ஊர்தியில் மாட்டிக்கொண்டேன். ஒரு நோட்டு முழுக்க வரைபடம் போட்டும் வெளியே வர முடியவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஏதோ ஒலி கேட்கிறது. இடது காதில் கேட்டால் இடப்பக்கம் என்று வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. நல்ல ஹெட்போன் வாங்கினால் தீருமா? இதே மாதிரி ஒகேனக்கல் பரிசலை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காகிதப் புதிர் செய்யவும் ஆசை.

கு.சி., காவேரிப்பட்டணம்

அன்புள்ள கு.சி.,

ஹெட்போன் வாங்க வேண்டாம். அந்த ஒலிக்கும் காதின் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அது திசையின் பெயர்.

தருமபுரி டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், இரட்டை விசில் கொடுத்தால் கிளம்பும். விசில் முன்படியிலிருந்து வருகிறதா, பின்படியிலிருந்து வருகிறதா என்று டிரைவர் பார்ப்பதில்லை. சுரங்க ஊர்தியும் அப்படித்தான் பேசுகிறது. வடக்குக்கு ஓர் ஒலி, தெற்குக்கு வேறொன்று. கிழக்கு, மேற்குக்கும் தனித்தனி. ஊர்தி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ‘மேற்கு’ ஒலி மேற்கையே சொல்லும். உங்கள் நோட்டு தோற்றது இதனால்தான். நீங்கள் இடம், வலம் என்று குறித்திருக்கிறீர்கள். ஊர்தி திரும்பியதும் இடது வலதாகிவிடும், மேற்கு மேற்காகவே இருக்கும்.

இந்த நான்கு ஒலிகளையும் விளையாட்டு வேறோர் இடத்தில் கற்றுத்தருகிறது. மெக்கானிக்கல் உலகில் சுழலும் கோட்டை ஒன்று உண்டல்லவா? அதைத் திருப்பி நிறுத்தும்போதெல்லாம், அது பார்த்து நிற்கும் திசைக்குரிய ஒலி வரும். அங்கே போய் நான்கையும் போனில் பதிவு செய்து, உங்கள் வாய்க்கு வந்த பெயரை வையுங்கள்: ‘மணி’, ‘கம்பி’, எதுவானாலும் சரி. பிறகு ஊர்திக்குத் திரும்புங்கள். ஒலியைக் கேளுங்கள். திசைகாட்டி அந்தத் திசையைக் காட்டும்வரை ஊர்தியைத் திருப்புங்கள். அதன் பிறகே முன்னே செல்லும் பொத்தான். தவறினால் பின்வாங்கும் பொத்தான் இருக்கிறது. தவறின இடத்திலிருந்தே சமாளித்துப் போகப் பார்க்காதீர்கள்.

பழைய பதிப்பின் வழியில் மொத்தம் 14 நகர்வு. முதல் எட்டைச் சொல்கிறேன், உங்கள் காதைச் சரிபார்க்க உதவும்: வடக்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு, கிழக்கு, தெற்கு, தெற்கு, மேற்கு. ஒன்பதாவதில் பலரும் தடுமாறுவார்கள். அங்கே இரண்டு ஒலி சேர்ந்து வரும். தெற்கும் மேற்கும் சேர்ந்தால் கன்னி மூலை. வீடு கட்ட மனை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாயு மூலையும் (வடமேற்கு) ஈசானி மூலையும் (வடகிழக்கு) பின்னால் வருகின்றன. கடைசி நகர்வு அக்னி மூலை (தென்கிழக்கு). எஞ்சியதை நீங்களே கேட்டுப் போங்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மெக்கானிக்கல் உலகைப் பார்க்காமலே செலனிட்டிக்குக்குப் போக விளையாட்டு அனுமதிக்கிறது. பாடம் ஓரிடம், பரீட்சை ஓரிடம். எதற்கு முதலில் போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ராக்கெட்டிலேயே நிற்கும் மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: ராக்கெட்டுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் அறையில் 10 பொத்தான்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அளவு வோல்ட் சேர்க்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அழுத்தி அளவைக் குறித்துக்கொண்டு, கூட்டி 59 வரும்படி தேர்ந்தெடுங்கள். தாண்டினால் பிரேக்கர் விழும். நம்மூரில் பியூஸ் போனால் கம்பத்துக்குப் போவது போல இங்கேயும் வெளியே போய் ஏணியில் ஏறி அதைத் தூக்கிவிட வேண்டும். ராக்கெட்டுக்கு உள்ளே ஆர்கன் என்ற இசைக்கருவி ஒரு கோடியில், சுரத்தை மாற்றும் ஐந்து நகர்த்திகள் மறு கோடியில். ஒரு சுரத்தை நினைவில் வைத்துக்கொண்டே நடந்து போய் அதே சுரத்தில் நகர்த்தியை நிறுத்த வேண்டும். பாட்டுக் கற்றவர்களுக்கு அற்பம், மற்றவர்களுக்குச் சித்திரவதை. ஆர்கன் சுரத்தைப் போனில் பதிந்து, நகர்த்தியின் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். புதிய பதிப்பில் விடைகளை மாற்றியமைக்கும் வசதியை நீங்கள் இயக்கியிருந்தால் இந்த விடைகளை நம்ப வேண்டாம், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1993இல் வந்த மூல விளையாட்டு, ஹைப்பர்கார்டு என்ற ஆப்பிள் கணினி மென்பொருளில் அடுக்கிய சுமார் 2,500 நிலைப்படங்கள். ஓடும் படத்தைத் திரை முழுக்கக் காட்ட அன்றைய சிடி டிரைவின் வேகம் போதாது. அசைவெல்லாம் சின்னச் சதுரங்களில்தான். மூடிய பெட்டி, சிறிய ஜன்னல், சந்திப்புக்குச் சந்திப்பு நிற்பது என்று அந்த ஊர்தி அமைந்ததில் இந்தக் கட்டுப்பாட்டின் கை இருக்கிறது என்பது என் கணிப்பு. கண்ணுக்குக் குறைவாகக் கொடுத்ததால்தான் காதுக்கு வேலை வந்தது.

உங்கள் பரிசல் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வட்டப் பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது; சுற்றுவது வேறு, நகர்வது வேறு. சுரங்க ஊர்தியின் இலக்கணமும் அதுவே. பக்கத்துக்கொரு பாறைச் சந்து வரையுங்கள். ஒவ்வொன்றிலும் திசைக்கொரு தட்டல் குறி. முதல் இரண்டு பக்கத்தில் ஒரே ஒரு வழி மட்டும் திறந்திருக்கட்டும், அங்கே வரும் குறியின் பொருள் தானாகப் புரிந்துவிடும். மூன்றாம் பக்கத்திலிருந்து வழிகளைக் கூட்டுங்கள். மூலைத் திசைகள் கடைசி நான்கு பக்கத்தில் வந்தால் போதும். தவறான சந்தில் போனவர்களை முதல் பக்கத்துக்குத் துரத்தாமல் ஒரு பக்கம் மட்டும் பின்னால் அனுப்புங்கள். முதலுக்கே துரத்தினால் மூன்றாம் முறை பிள்ளைகள் விடைப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.