எட்டு மணித்தியாலம் லொகேஷன் போட்டால்தான் அன்பா?

அன்பின் அக்காவுக்கு,

எனக்கு 27 வயது. ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். மட்டக்களப்பு டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் விரும்புகிறவரை ரியூஷன் காலத்திலிருந்தே தெரியும். அவர் கட்டாருக்குப் போன பிறகுதான் அது காதலானது. இரண்டு வீட்டாருக்கும் விருப்பம். மாமாங்கத் தீர்த்தத்துக்கு லீவில் வருகிறார், ஆவணியில் பதிவுத் திருமணம் என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

அவர் நல்லவர், அக்கா. அப்பாவுக்குக் கண் ஒப்பரேஷன் என்றதும் நான் கேட்காமலே காசு அனுப்பினார். ஒரு நாளும் தூஷணம் பேசியதில்லை. ஆனால் காலையில் பஸ் ஏறியதும் நான் வட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட வேண்டும். பதினைந்து நிமிடம், ஒரு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் என்று மூன்று காட்டும். எட்டைத்தான் அமத்த வேண்டும். ஒரு நாள் கல்லடிப் பாலத்தடியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. உடனே மெசேஜ் வந்தது, "பாலத்தில ஏன் இவ்வளவு நேரம்?" என்று. றோட்டில் இறங்கி நின்ற சனத்தையும் பஸ்ஸையும் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் "சரி" என்றார். என் பேஸ்புக் பாஸ்வேர்டும் அவரிடம் இருக்கிறது. கூட வேலை செய்யும் அண்ணா ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டதற்கு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இப்போதெல்லாம் வருகிற மெசேஜ்களை நானே அழித்துவிடுகிறேன். அழிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

கேட்டால், "உன்மேல உசிர் எண்டபடியாத்தான் கேக்கிறன். அன்பில்லாதவன் கேப்பானா?" என்கிறார். தோழிகளும் பொசசிவ் இருந்தால்தான் உண்மையான லவ் என்கிறார்கள். அம்மா எனக்குக் கட்டுகிற வீட்டுக்கு லிண்டல் போடுகிற ஓட்டத்தில் இருக்கிறா. இதையெல்லாம் அவவிடம் சொல்ல மனம் வரவில்லை. இது உண்மையான அன்புதானா? இல்லை, நான்தான் தேவையில்லாமல் யோசிக்கிறேனா?

வாசகி, களுவாஞ்சிகுடி


அன்பின் தங்கச்சி,

அழிக்க ஒன்றுமே இல்லாத மெசேஜை அழிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த இடம் அதுதான். தப்பு எதுவும் செய்யாமலே பயப்படப் பழகிவிட்டீர்கள். அதனால் நீங்கள் தேவையில்லாமல் யோசிக்கவில்லை.

அவரிடம் அன்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமல் அனுப்பிய அந்தக் காசில் அக்கறை இருக்கிறது. அவருடைய பயமும் பொய்யாக இருக்காது. வேலை, அறை, போன் என்று அங்கே போகிற வாழ்க்கையில், யாரோ ஒருவரை ஊரிலிருந்த காதலி விட்டுப்போன கதை ஒன்று அறையில் கிடந்து சுற்றினாலே போதும், நித்திரை போய்விடும். குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி ஜோன் பௌல்பி என்ற மனநல மருத்துவர் எழுதியதை, சிந்தியா ஹேசன், ஃபிலிப் ஷேவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987இல் காதலர்களிடம் பொருத்திப் பார்த்தார்கள். சிலர் நெருக்கத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள், சிலர் நெருக்கத்தைக் கண்டு விலகுகிறார்கள், சிலர் எப்போது கைவிடப்படுவோமோ என்ற பதற்றத்திலேயே காதலிக்கிறார்கள் என்றார்கள். உங்களவர் மூன்றாவது பக்கம் சாய்ந்தவர் போலத் தெரிகிறது. ஒரு கடிதத்தை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து லொகேஷன் இல்லை. பஸ் படத்தைப் பார்த்ததும் அவருக்கு மனம் ஆறியிருக்கும். எவ்வளவு நேரத்துக்கு? அடுத்த நாள் காலையில் திரும்பவும் கேட்டிருப்பாரே. பதற்றம் அப்படித்தான் வேலை செய்யும். சரிபார்க்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும், அந்த ஆறுதலே அடுத்த தடவை சரிபார்க்கத் தூண்டும். நீங்கள் எவ்வளவு காட்டினாலும் போதாமல்தான் இருக்கும். கல்யாணம் முடிந்தால் சரிவரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லீவு முடிந்து அவர் திரும்பவும் கட்டாருக்குத்தான் போவார். அதே தூரம் இருக்கும், கூடவே கணவன் என்ற உரிமையும் சேர்ந்திருக்கும்.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நாள் முழுக்கக் கேட்கிறார். என்ன யோசிக்கிறீர்கள், வேலையில் என்ன கஷ்டம், எதிர்காலத்தில் என்ன செய்ய ஆசை என்று கடைசியாக எப்போது கேட்டார்? இதற்கு உடனே பதில் வந்தால் சந்தோஷம். வரவில்லை என்றால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான அன்பா என்று கேட்டீர்கள். நாம் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அது தெரியாது. நீங்கள் ஒன்றை மறுக்கும்போது அவர் உங்களை எப்படி நடத்துகிறார் என்பதில்தான் தெரியும். இதுவரை மறுக்கவில்லைப் போலிருக்கிறது. அதனால் ஒரு சின்ன விஷயத்தை மறுத்துப் பாருங்கள். சண்டைக்கு நடுவில் வேண்டாம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவாக இருக்கும், ஆறுதலாகக் கதைக்கிற நேரத்தில் சொல்லுங்கள்: "எனக்கு உங்கள விருப்பம். ஆனா திங்கக்கிழமையில இருந்து லொகேஷன் போடமாட்டன். டவுனுக்குப் போய்ச் சேந்ததும் ஒரு மெசேஜ் போடுவன், இரவில வழமை போலக் கதைப்பம்." இவ்வளவும் போதும். காரணம் காட்டி வாதாட வேண்டாம். பேஸ்புக் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாற்றியதை அவரிடம் சொல்லியே மாற்றுங்கள்.

அவர் மனம் நோகலாம், முகத்தைச் சுருக்கலாம், ஏன் என்று பத்துத் தரம் கேட்கலாம். அதெல்லாம் மனுசருக்கு இயல்பு. ஒரு கிழமை தடுமாறிவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு, ஆனா பழகிப் பாக்கிறன்" என்கிற நிலைக்கு வந்தால், அந்த மனிதரோடு வாழலாம் என்று நான் துணிந்து சொல்வேன். அதைவிட்டு நாள்கணக்கில் பேசாமல் தண்டிப்பது, அலுவலகத்துக்குக் கோல் எடுப்பது, படங்களை வெளியே விடுவேன் என்று வெருட்டுவது என்று போனால் ஆவணியில் பதிவு வேண்டாம். அப்படி வெருட்டினால் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள், 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிற ஊர் நம்முடையது. எத்தனையோ பெண்களுக்கு அந்தச் சுவர்தான் துணையாக இருந்திருக்கிறது. வீட்டின் உறுதிப் பத்திரம் உங்கள் பேரிலேயே இருக்கட்டும்.

தோழிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. எரிச்சல்படுகிறவனுக்கெல்லாம் அன்பு கூட என்றால், இந்த மாவட்டத்தில் அடி வாங்குகிற பெண்கள்தான் அதிகம் நேசிக்கப்படுகிறவர்கள் என்று ஆகிவிடும். அவர்களோடு இருந்து கதைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அவர் லீவில் வந்ததும் இரண்டு பேருமாக உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். காசு செலவில்லை. அவர் வர மறுத்தால் நீங்கள் தனியாகவாவது போங்கள். இரவில் மனம் தாங்காமல் போனால் 1926க்கு எடுத்துக் கதைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை என்றீர்கள். லிண்டல் வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே சொல்லுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால், எனக்கு எழுதிய கடிதத்தையே வாசிக்கக் கொடுங்கள்.