அந்த 16 விநாடிக்கா அழுதீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 31. கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அணிக்காக 100 மீட்டர் ஓடினேன், என் பெஸ்ட் 12.6 விநாடி. சிசேரியனில் பிறந்த மகனுக்கு இப்போது ஒன்பது மாதம். போன வாரம் ஆசையாக மைதானத்துக்குப் போய் ஓடிப் பார்த்தேன், 16 விநாடிக்கு மேல் ஆனது. வீட்டுக்கு வந்து அழுதேன். "பிள்ளை பெத்தப்புறம் என்ன ஓட்டம்?" என்கிறார் மாமியார். அவர் சொல்வதுதான் சரியோ?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: மாமியாரிடம் அப்புறம் வருவோம். ராத்தூக்கம் இல்லாமல், வயிற்றில் தையல் போட்ட உடம்போடு, நேராகப் போய் முழு வேகத்தில் ஓடச் சொன்னது யார்?

ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 2008, 2012 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர். கர்ப்பம் என்று தெரிந்த அன்று கட்டிலில் உட்கார்ந்து அழுததாக அவரே பிற்பாடு சொன்னார். 2017 ஆகஸ்ட் 6 அன்று லண்டனில் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் இறுதிப் போட்டி இவர் இல்லாமலே நடக்கிறது, மறுநாள் இவருக்கு மகன் பிறக்கிறான், அதுவும் சிசேரியன்தான். அடுத்த வருடம் அவருடைய சிறந்த நேரமே 10.98 விநாடி. உங்களுக்கும் எனக்கும் அது பறப்பது மாதிரி, ஆனால் முன்பு 10.70 ஓடியவருக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்று ஓடியவர் உங்களுக்குத்தான் தெரியும். 2019-ல் தோஹாவில் 10.71 ஓடி மறுபடி உலக சாம்பியன் ஆனார், மகனைத் தூக்கிக்கொண்டு டிராக்கைச் சுற்றி வந்தார். வாழ்நாள் பெஸ்ட்டான 10.60 வந்தது 2021-ல், 34 வயதில்!

மாதங்களை எண்ணிப் பாருங்கள். பயிற்சியாளர், பிசியோ எல்லாம் வைத்துக்கொண்டு, ஓடுவதையே வேலையாகச் செய்தவருக்கே உச்சத்துக்குத் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நீங்கள் ஒன்பதாவது மாதத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்குகிறீர்கள்.

முதலில் டாக்டரையும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் பாருங்கள். வயிற்றுத் தசையும் இடுப்படித் தசையும் தேறிவிட்டனவா என்று தெரியாமல் ஸ்பிரிண்ட் வேண்டவே வேண்டாம், இருமும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். நடை, மெதுவோட்டம், தசைப்பயிற்சி, கடைசியில்தான் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்ட ஷூ). 30 தாண்டியவர்களுக்கு மூத்தோர் தடகளப் போட்டிகள் நடக்கின்றன, அதில் ஒன்றைக் குறி வைக்கலாம், இந்த வருடமே வேண்டாம்.

சரி, மாமியார். பி.டி. உஷா கல்யாணமாகி, மகன் பிறந்து, 1998-ல் 34 வயதில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வாங்கியதைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் எனக்கென்னவோ மாமியாரின் கவலை ஓட்டமில்லை, காலையில் குழந்தை யார் கையில் என்பதுதான் என்று படுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். ஐந்தரையிலிருந்து ஏழு வரை பிள்ளை அவர் பொறுப்பு என்று இன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.

2025-ல் மகனின் பள்ளியில் பெற்றோர் ஓட்டப்பந்தயத்தில் ஷெல்லி-ஆன் ஓடிய வீடியோ பார்த்தீர்களா? பாவம், மற்ற அம்மாக்கள். உங்கள் பையன் எல்.கே.ஜி. சேர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.