பழ விவசாயத்துக்குத் தனிக் கட்டமைப்பு ஏன் தேவை?

"நன்றாக விளைந்தால் போதாதா, இதற்கென்று தனிக் கட்டடங்கள் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது, சூட்டில் அந்த மூச்சு வேகமாகிப் பழம் சீக்கிரம் கெடும், அதுதான் காரணம். வெயிலில் பறித்த பழத்தைக் கையில் எடுத்தாலே சூடு தெரியும். அப்படியே அடுக்கினால் ஒன்று கனிந்து, எத்திலீன் வாயுவை விட்டு, பக்கத்தில் இருப்பதையும் கனிய வைத்துவிடும். சில மணி நேரத்துக்குள் முன்குளிர்விப்பு அறையில் அந்தச் சூட்டை இறக்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

சரி, ஏதாவது ஒரு குளிர்கிடங்கு போதுமா? போதாது. ஆப்பிளுக்கு 0 முதல் 4 டிகிரி செல்சியஸ், வாழைக்கு 13, 14 டிகிரி. ஆப்பிள் அறையில் வாழையை வைத்தால் தோல் கறுத்துவிடும், அப்புறம் சரியாகப் பழுக்கவும் பழுக்காது. ஆக்சிஜனை 1 முதல் 3 சதவீதமாகக் குறைத்த அறையில் ஆப்பிள் பல மாதம் தாங்கும்.

விவசாயிக்குப் பெரிய லாபம் எது என்று கேட்டால், காத்திருக்கும் தெம்பு என்பேன். இன்றே விற்றாக வேண்டும் என்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. கூடவே தரம் பிரிப்பவர், பெட்டி செய்பவர், லாரி ஓட்டுநர், குளிர்சாதன மெக்கானிக் என்று பலருக்கு ஊரிலேயே வேலை. வடு விழுந்த பழம் கூழ் ஆலைக்குப் போகும். ஆனால் தடையில்லா மின்சாரமும் நல்ல சாலையும் இல்லாத இடத்தில் கட்டினால் பூட்டித்தான் கிடக்கும்.