விடியமுன் கூவும் சேவலும் பக்கத்து வளவும்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில், மீள்குடியேறிய பின்னர் கிடைத்த வீட்டுத்திட்ட வீடொன்றில் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். கணவர் இல்லை. காணி அனுமதிப்பத்திரக் காணி, அரை ஏக்கர். வாழ்வாதார உதவியாகத் தந்த சில குஞ்சுகளில் தொடங்கி, இப்போது 16 பேடுகளும் 5 சேவல்களும் 4 கினிக்கோழிகளும் நிற்கின்றன. முட்டை விற்கும் காசில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு போகிறது. கூடு மேற்கு வேலியோடு இருக்கிறது. அங்கிருந்து 4 மீற்றரில் பக்கத்து வீட்டாரின் படுக்கையறை யன்னல். அந்த அண்ணை இரவுக் கடமை முடிந்து நள்ளிரவுக்குப் பிறகு வருபவர். அவருடைய தாயார் படுத்த படுக்கை. சேவல்கள் மூன்று மணிக்கே கூவுகின்றன என்று பொலிசில் முறைப்பாடு செய்திருக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். போன கிழமை வேலியில் நின்று, "வயலுக்கு அடிக்கிற மருந்தை வைச்சு எல்லாத்தையும் முடிப்பன்" என்றார். கோழி வளர்க்க எனக்கு அனுமதி வேண்டுமா? பொலிசார் கோழிகளைக் கொண்டுபோகலாமா? வேறு இனத்தை வளர்த்தால் சத்தம் குறையுமா? நான் விட்டுக்கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்களை உறங்கவிடாமல் வைத்திருக்கும் கேள்வி இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன், அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அயலவர் ஒருவர் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு செய்தார் என்பதற்காக மட்டும் பொலிசார் உங்கள் வளவுக்குள் வந்து கோழிகளை எடுத்துச் செல்ல முடியாது. அவர்கள் இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கலாம், சமாதானம் பேசலாம், மத்தியஸ்த சபைக்கு அனுப்பலாம், தேவையென்று கண்டால் நீதவானுக்கு அறிக்கை சமர்ப்பிக்கலாம். கோழிகளை அகற்றும்படி கட்டளையிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது, அந்தக் கட்டளையும் உங்கள் பக்கத்தைக் கேட்ட பிறகே இறுதியாகும்.

அனுமதியைப் பொறுத்தவரை, வீட்டு வளவில் இருபது, இருபத்தைந்து கோழிகள் வளர்ப்பதைத் தடை செய்யும் நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெரிய பண்ணைகளுக்குரியது. உங்கள் அளவுக்கு அது எழாது. ஆயினும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் துணைவிதிகளை ஆக்கலாம் என்பதால், கோழி வளர்ப்புப் பற்றிய துணைவிதி உங்கள் சபையில் நடைமுறையில் இருக்கிறதா என்பதைக் கேட்டு அறிய வேண்டும். வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பித்தால், தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். காணி அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளையும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். வீட்டுத் தேவைக்கான வளர்ப்பு வேறு, குடியிருப்புக் காணியைப் பண்ணையாக மாற்றுவது வேறு.

இனி விடயத்தின் மையத்துக்கு வருகிறேன். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 261 ஆம் பிரிவு "பொதுத் தொல்லை" என்று சொல்வது, பொதுமக்களுக்கோ அயலில் வாழ்வோருக்குப் பொதுவாகவோ ஏற்படும் தீங்கையும் ஆபத்தையும் எரிச்சலையுமே. ஒரு வீட்டாருக்கு மட்டும் தூக்கம் கெடுகிறது என்பது வழமையாக அந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் தொல்லையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரமும் சமூகத்தின் உடல்நலத்தையும் வசதியையும் நோக்கியது. அப்படியொரு கட்டளை வந்தாலும், குறித்த நாளில் தோன்றி அதை நீக்கவோ மாற்றவோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து கையொப்பமிட்டால் நிலைமை மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் அயலவருக்கு உண்மையில் திறந்திருக்கும் வழி, எமது பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தின் கீழ், தன் வீட்டை அமைதியாக அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்படுகிறது என்று மாவட்ட நீதிமன்றத்தில் தடையும் நட்டஈடும் கேட்டு வழக்கிடுவதாகும். அங்கே நீதிபதி தேடுவது ஒன்றையே: அந்த இடத்தில் வாழும் சாதாரண மனிதர் ஒருவர் நியாயமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவை இந்தச் சத்தம் மீறுகிறதா? கொழும்பில் மாடிக்குடியிருப்பின் பின்புறத்தில் கூவும் சேவலும் வட்டக்கச்சியிலோ முரசுமோட்டையிலோ வயலோரத்தில் கூவும் சேவலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. வன்னியில் வளவென்றால் கோழி நிற்கும். இது உங்களுக்குச் சாதகமானது. உங்களுக்குப் பாதகமானவை மூன்று: நேரம் அதிகாலை மூன்று மணி, கூடு யன்னலிலிருந்து 4 மீற்றர், மாற்றி வைக்க அரை ஏக்கர் இருந்தும் மாற்றவில்லை. அளவுக்கு மீறிய கூருணர்வுள்ள ஒருவரை வைத்துச் சட்டம் அளவிடுவதில்லை என்பதால், அவர் பகலில் உறங்கும்போது பேடுகள் கேருவது பற்றி முறையிட்டால் அது பெரிதாக எடுபடாது. ஆனால் பக்கத்தில் நோயாளியான தாய் ஒருவர் இருப்பதை அறிந்தும், இலகுவாகச் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டால், அது நியாயமான நடத்தையா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

எண்களும் பேசப்படும். 1996 மே 23 ஆம் திகதிய 924/12 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபை எல்லைக்குள் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை 55 டெசிபெலையும், மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெலையும் உச்ச அளவாக வைக்கின்றன. இவை ஒரு கால அளவில் எடுக்கப்படும் சராசரி. இரண்டு விநாடி நீளும் ஒரு கூவலை நேரடியாக இதோடு ஒப்பிடுவது சரியல்ல. இயந்திரங்களையும் தொழிற்சாலைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த விதிகள் வீட்டுக் கோழிக்குப் பொருந்துமா என்பதும் வாதத்துக்குரியது. ஆனாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இவற்றை அளவுகோலாக நீட்டுவார். அந்த அளவுகோலில் மூன்று மணிக் கூவல் இரவுக்குரியது. ஆறு மணிக்குப் பிறகு வரும் கூவல் பகலுக்குரியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தி 2007 இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைச் சிலர் இதற்கும் காட்டுவார்கள். அது ஒலிபெருக்கி பற்றியது, கோழி பற்றியதல்ல.

இனத்தை மாற்றினால் சத்தம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும், ஆனால் இனத்தைவிட ஆண் பெண் வேறுபாடே பெரிது. சேவலின் கூவல் அருகில் நின்று கேட்டால் ஏறத்தாழ 90 டெசிபெல் வரும். முட்டையிட்ட பேடு கேருவது 60 முதல் 70 டெசிபெல், அதாவது இரண்டு பேர் சற்றுக் குரலுயர்த்திப் பேசுவது போன்றது. அதுவும் பகலில், சில நிமிடங்களுக்கு மட்டுமே. ஊர்ச் சேவல், கழுத்து மொட்டைச் சேவல், கலப்புச் சேவல் எதுவானாலும் அயலாருக்கு விடியமுன் கேட்பது ஒன்றுதான். பேடுகளுக்குள் வெள்ளை லெகோர்ன் வகை பதற்றமானது, எளிதில் வெருண்டு கத்தும். மண்ணிற முட்டைக் கோழிகள் பொதுவாகச் சாந்தமானவை. புரொயிலர் ஐந்து, ஆறு கிழமைகளில், கூவப் பழகுமுன்னே விற்கப்படுவதால் சத்தம் குறைவு. அங்கே முறைப்பாடு மணத்தையும் இலையானையும் பற்றி வரும். உங்களிடமுள்ளவற்றில் மிகவும் கவனிக்க வேண்டியவை கினிக்கோழிகள். பாம்பு, மரநாய், நாய், அந்நியர் எது வந்தாலும் அவை கூட்டமாக, நீண்ட நேரம், கீச்சென்று கத்தும். பாம்புக் காவலுக்கென்று பலர் அவற்றை விரும்பி வளர்ப்பது எனக்குத் தெரியும். ஆனால் யன்னலிலிருந்து 4 மீற்றரில் வைக்கத்தக்க பறவை அதுவல்ல.

சேவல் வெளிச்சத்தைக் கண்டுதான் கூவுகிறது என்று நாம் நினைத்திருக்கிறோம். யப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் காட்டியது வேறு: உடலுக்குள்ளிருக்கும் கடிகாரமே விடியலுக்கு முன்னதாகக் கூவ வைக்கிறது, வெளிச்சமும் மற்றொரு சேவலின் குரலும் அதைத் தூண்டிவிடுகின்றன. சேவல்களுக்குள் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை அடுத்தடுத்துத் தொடரும் என்பதையும் அவர்கள் பின்னர் கண்டார்கள். ஆகவே ஐந்து சேவல்கள் ஒரே கூட்டில் நின்றால், ஒன்று தொடங்க நான்கு பதில் சொல்லும். உங்கள் அண்ணையின் முறைப்பாட்டில் மிகையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன்; உங்கள் 16 பேடுகளும் சேவல் இல்லாமலே முட்டையிடும், வருமானம் குறையாது. குஞ்சு பொரிக்க வைப்பதற்கு மட்டுமே சேவல் வேண்டும், அதற்கு ஒன்று போதும். அந்த ஒன்றைக்கூட வயல் காவல் கொட்டில் உள்ள உறவினரிடம் விட்டு, அடை வைக்கும் காலத்துக்கு முன் சில நாட்கள் கொண்டுவரலாம். சேவலை விலக்கிய பிறகும் ஒன்றிரண்டு கிழமைகளுக்குக் கருக்கூடிய முட்டைகள் கிடைக்கும். குஞ்சுகளில் ஆண்குஞ்சுகள் நாலைந்து மாதத்தில் கூவத் தொடங்குமுன் விற்றுவிடுங்கள்.

அடுத்தது கூடு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஒரு மீற்றரில் 90 ஆக இருப்பது 4 மீற்றரில் 78, 32 மீற்றரில் 60. கிழக்கு எல்லையிலும் இன்னொரு வீடு இருக்குமானால் அங்கே கொண்டுபோய் வைக்காமல், உங்கள் சொந்த வீட்டின் பின்புறத்துக்கு, சுவர் இடையில் வரும்படி மாற்றுங்கள்; உங்கள் படுக்கையறைக்குக் கிட்ட வைத்திருக்கிறீர்கள் என்பதே மத்தியஸ்தர்களிடம் நூறு வார்த்தை பேசும். கிடுகு வேலியும் பனையோலையும் கண்ணுக்கு மறைப்பு, காதுக்கு மறைப்பு அல்ல. அயலாரை நோக்கிய பக்கத்துக்குக் கல்லோ மண்ணோ வைத்த சுவரும், காற்றோட்டத்துக்கு உங்கள் பக்கம் திறந்த கம்பி வலையும் வையுங்கள். வன்னி வெயிலில் காற்றில்லாத கூடு கோழிகளைக் கொன்றுவிடும். மரநாய் புகாதபடி அடைப்பதும் சத்தத்துக்கான பரிகாரமே, ஏனெனில் நள்ளிரவுக் கூச்சல் பெரும்பாலும் பயத்தினால் வருவது. கூவாமலிருக்கக் கழுத்தில் பட்டி கட்டும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்; மூச்சு முட்டும், மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் நீங்களே பதில் சொல்லும் நிலை வரலாம்.

மருந்து வைப்பேன் என்ற பேச்சை நான் மிகவும் கடுமையாக எடுத்துக்கொள்கிறேன். பிறருடைய பிராணியைக் கொல்வது குற்றம். 1907 முதல் நடைமுறையிலுள்ள மிருகவதைத் தடைச் சட்டமும் உண்டு. அதைவிட, பயிருக்கு அடிக்கும் நஞ்சு கலந்த தீனை உங்கள் பிள்ளைகள் தொடக்கூடும், அந்தக் கோழியின் முட்டையை வேறு வீட்டார் வாங்கக்கூடும். அவர் சொன்ன நாள், நேரம், கேட்டவர் யார் என்பதை எழுதிவைத்து, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடாகப் பதிந்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். கோழி ஏதும் சந்தேகத்துக்கிடமாகச் செத்தால் புதைக்க முன் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். ஆனால் இதைப் பழிவாங்கும் முறைப்பாடாக ஆக்கிவிடாமல், பாதுகாப்புக்காகச் செய்கிறீர்கள் என்பதை வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள்.

இந்தப் பிணக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகும் என்றே எதிர்பார்க்கிறேன். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகத் தோன்ற முடியாது. நீங்களே பேச வேண்டும். கூட்டின் இடத்தையும் யன்னலையும் எல்லைகளையும் காட்டும் ஒரு கைவரைபடம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், சேவல்களை விற்ற திகதிகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். விட்டுக்கொடுப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, பின்னர் சாட்சியமாகக் கொடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு செய்த ஏற்பு குடியியல் வழக்கில் எடுக்கப்படாது என்கிறது. ஆகவே சபைக்குப் போகுமுன், அந்த அண்ணைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: "என் உரிமைகளுக்குப் பாதகமின்றியும், வழக்கில் சாட்சியமாக வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடும் எழுதுகிறேன். இந்த மாத முடிவுக்குள் நான்கு சேவல்களையும் கினிக்கோழிகளையும் அகற்றி, கூட்டை வீட்டின் பின்புறத்துக்கு மாற்றுகிறேன். அம்மாவுக்கு நித்திரை கெட்டதற்கு வருந்துகிறேன்." வருத்தம் தெரிவிக்கும் அந்தக் கடைசி வரியை நீக்கும்படி யாராவது ஆலோசனை சொல்லக்கூடும், அதை நீக்க வேண்டாம். திகதியிட்டு, கையொப்பமிட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, உங்கள் கிராம அலுவலரின் முன்னிலையில் கொடுங்கள்.