வளைந்துபோன ரெகுலேட்டருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: வணக்கம் சார். நான் காட்பாடியில் இருக்கிறேன், வேலூரில் ஒரு தனியார் லேப்பில் வேலை. புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தமாகச் சாதனங்கள் வாங்கினேன். போன ஜனவரியில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போனபோது ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி), பிசிடி (மிதவைச் சட்டை), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), மாஸ்க் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து செக்-இன் செய்தேன். கவுண்டரில் ஒரு டேகில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அந்தப் பையில் இருந்த டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரிகளை எடுத்துவிட்டார்கள். கைப்பையில் இருந்த டைவ் கத்தியைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இறங்கியபோது பையின் வெளிப்புறம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் ஹேவ்லாக் தீவில் திறந்து பார்த்தால், ரெகுலேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் யோக் திருகு ஒருபக்கமாக வளைந்திருந்தது, பிரஷர் கேஜ் கண்ணாடியில் விரிசல். நான்காம் நாள் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பழுதுபார்க்க 26,500 ரூபாய் ஆகும் என்று சர்வீஸ் கடையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனமோ, "விமான நிலையத்திலேயே புகார் பதியவில்லை, டேகில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், நல்லெண்ண அடிப்படையில் கிலோவுக்கு 350 வீதம் 9 கிலோவுக்கு 3,150 ரூபாய் தருகிறோம், வழக்கு என்றால் டெல்லியில்தான்" என்கிறது. என்ன செய்யலாம்? கத்திக்கும் பேட்டரிக்கும் சேர்த்துக் கேட்கலாமா?

பதில்: அந்த 3,150 ரூபாயை வாங்கிக்கொண்டு, "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு உதவுவது எங்களுக்கு உண்மையிலேயே கஷ்டமாகிவிடுகிறது.

கத்தியையும் பேட்டரியையும் முதலில் ஒதுக்கிவிடுவோம். கத்தி எந்த வகையாக இருந்தாலும் கைப்பையில் போகக் கூடாது, செக்-இன் பையில்தான் போக வேண்டும். சோதனையில் நிற்பவர்கள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். அவர்கள் செய்வது பாதுகாப்புப் பணி, விமான நிறுவனம் உங்களுக்கு விற்ற சேவை அல்ல. அதனால் அதை நுகர்வோர் வழக்கில் சேர்க்க முடியாது. பேட்டரிக்கு விதி நேர்மாறு. உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், அதுவும் முனைகளில் டேப் ஒட்டி. சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் கிட்டே போய் அணைக்க முடியாது என்பதுதான் காரணம். இரண்டிலும் விதி அவர்கள் பக்கம். மனுவில் இவற்றையும் சேர்த்தால், உங்கள் நல்ல வழக்கின் மேல் ஒரு தேவையில்லாத கறை விழும்.

சரி, இனி ரெகுலேட்டர். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

விமானப் பயணத்தில் பொருள் சேதமானால் பொறுப்பு யாருக்கு என்பதை 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. 1999-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கை அதன் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, சில மாற்றங்களோடு அதே விதிகள் உள்நாட்டுப் பயணத்துக்கும் பொருந்தும். செக்-இன் செய்த பை நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது சேதமானது என்றால் அதுவே போதும். யார் எறிந்தார்கள், எந்த பெல்ட்டில் நசுங்கியது என்றெல்லாம் நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளின் இயல்பான குறையால் சேதம் வந்தது என்றோ, உங்கள் கவனக்குறைவும் காரணம் என்றோ காட்டினால்தான் அவர்கள் தப்பிக்கலாம் அல்லது தொகையைக் குறைக்கலாம். ரெகுலேட்டர் கடலுக்குள் பல மீட்டர் ஆழத்தில் உழைக்கச் செய்த உலோகக் கருவி. அதன் திருகு இயல்பான குறையால் தானாக வளைந்தது என்று வாதிடுவது எளிதல்ல. ஆனால் எப்படிப் பொதிந்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். வெட்சூட்டுக்குள் (டைவிங் உடைக்குள்) சுற்றி வைத்திருந்தீர்களா, ஃபின்ஸுக்கும் பிசிடிக்கும் நடுவில் வைத்தீர்களா? நினைவு மங்குவதற்குள் உள்ளபடி எழுதி வையுங்கள்.

இறங்கிய இடத்திலேயே புகார் பதியவில்லை என்ற வாதம் நிற்காது. சேதம் தெரிந்தவுடன், அதிகபட்சம் பையைப் பெற்ற 7 நாளுக்குள் எழுத்துமூலம் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. நான்காம் நாளே எழுதிவிட்டீர்கள். இந்த ஒரு மின்னஞ்சல் இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்று இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பேன். இருந்தாலும் ஒன்று கவனியுங்கள். ஆட்சேபம் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டு போனால், அது நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்று முதல் பார்வையில் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதை உடைக்க ஆதாரம் வேண்டும். ஹேவ்லாக்கில் பையைத் திறந்தபோது எடுத்த படங்கள் தேதி நேரத்தோடு போனில் இருக்கும், அசல் கோப்புகளை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் மட்டும் போதாது. அங்கே டைவ் கடையில் அதைப் பார்த்தவரிடம், "இன்ன தேதி காலையில் பை திறக்கப்பட்டபோது நான் உடன் இருந்தேன்" என்று நாலு வரி எழுதி வாங்குங்கள். வேறு ரெகுலேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த ரசீது இரட்டிப்பு மதிப்புள்ளது. அது ஒரு நஷ்டக் கணக்கு, முதல் டைவுக்கு முன்பே உங்கள் கருவி பழுதாகிவிட்டது என்பதற்குச் சாட்சியும்கூட.

கையெழுத்துப் போட்ட டேகைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உடையக்கூடிய பொருள், பொறுப்பு எங்களுடையதல்ல என்ற பொருளில் அதில் அச்சடித்திருக்கும். பின்னால் வரிசை நிற்கும், ஊழியர் பேனாவை நீட்டுவார், யாரும் படிப்பதில்லை. படித்துவிட்டே போட்டிருந்தாலும் பரவாயில்லை. நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிற ஒப்பந்த வாசகமும், சட்டம் சொன்ன வரம்பைவிடக் குறைந்த வரம்பை வைக்கிற வாசகமும் செல்லாது என்று அதே மூன்றாம் அட்டவணையின் 26-ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது. கிலோவுக்கு 350 என்ற கணக்கும் இந்த விதியில்தான் அடிபடுகிறது. உள்நாட்டுப் பயணத்தில் பயணியின் பைக்கு வரம்பு எடையை வைத்து இல்லை, ஆளுக்கு 20,000 ரூபாய் என்றுதான் இருக்கிறது.

இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த 20,000 உச்சவரம்பு. நீங்கள் 26,500-க்கு ரசீது காட்டினாலும் சேதத்துக்காகப் பொதுவாக அதற்கு மேல் போக முடியாது. வேண்டுமென்றே செய்தார்கள், அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே அலட்சியமாக நடந்தார்கள் என்று நிரூபித்தால் வரம்பு உடையும். உங்களிடம் இருக்கும் ஆதாரத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வழக்குச் செலவை வரம்புக்கு மேலேயும் தர நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மன உளைச்சலுக்கென்று ஆணையங்கள் ஒரு தொகை போடுவதும் உண்டு, ஆனால் இழப்பை ஈடுசெய்யாத தொகை எதையும் கேட்க முடியாது என்கிற 29-ஆவது விதியைக் காட்டி நிறுவனம் அதை எதிர்க்கும். அந்தத் தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-ஆவது பிரிவின்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். காட்பாடி இன்றைய வேலூர் மாவட்டத்துக்குள் இருப்பதால், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்யுங்கள். டிக்கெட்டை வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்திருந்தால் அதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள், எல்லை பற்றிய ஆட்சேபத்துக்கு அது இன்னொரு பதில். விமானச் சட்டம் இருக்கிறது என்பதற்காக நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்பதை 2011-இல் டிரான்ஸ் மெடிட்டரேனியன் ஏர்வேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. உங்களைப் போல் தேதிவாரியாக எழுதத் தெரிந்தவர் தாமே நடத்தலாம்.

காலக்கெடு மட்டும் கறார். விமானம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். நுகர்வோர் சட்டத்தில் தாமதத்தை மன்னிக்க வழி இருக்கிறது. விமானச் சட்டத்திலோ அந்த நாள் தாண்டினால் உரிமையே அற்றுப்போகும். நிறுவனத்தோடு மின்னஞ்சல் பேசிக்கொண்டிருப்பது இந்தக் கெடுவை நிறுத்தாது.

அடுத்த பயணத்துக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் அதிகம் காப்பாற்றப்படுவது கவுண்டரில்தான். ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர், மாஸ்க் மூன்றையும் கைப்பையில் எடுத்துப் போங்கள். குழாயும் கேஜும் எக்ஸ்ரேயில் விசித்திரமாகத் தெரியும், திறந்து காட்டச் சொல்வார்கள், காட்டுங்கள். தடைசெய்த பொருள் இல்லை, ஆனால் கடைசி முடிவு சோதனை அதிகாரியுடையது. அதனால் கொஞ்சம் முன்கூட்டியே போய்விடுங்கள், தேவைப்பட்டால் திரும்பி வந்து செக்-இன் செய்ய நேரம் இருக்கும். டைவ் டார்ச் தண்ணீருக்கு வெளியே எரிந்தால் கடுமையாகச் சூடாகும், பேட்டரியைத் தனியே கழற்றி, நிறுவனத்திடம் முன்பே மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். சிலிண்டரைக் கொண்டுபோக வேண்டாம். காலியாக, வால்வைக் கழற்றி உள்ளே தெரியும்படி இருந்தால்தான் ஏற்பார்கள், அங்கேயே வாடகைக்குக் கிடைப்பதை இவ்வளவு பாடுபட்டுத் தூக்கிப்போக வேண்டுமா?

பிசிடியும் ஃபின்ஸும் எப்படியும் செக்-இன் பையில்தான் போகும். அவற்றின் மதிப்பு 20,000-ஐத் தாண்டினால், பையை ஒப்படைக்கும்போதே மதிப்பைச் சிறப்பு அறிவிப்பாக எழுதிக் கொடுத்து, கேட்கும் கூடுதல் தொகையைக் கட்டலாம். வரம்பை உயர்த்த 22-ஆவது விதி தரும் வழி இது. கவுண்டரில் இருப்பவருக்கு இந்த ஏற்பாடு தெரியாமல் இருக்கலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே நிறுவனத்துக்கு எழுதி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கரையில் கிடந்தது என்று பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். பவளப் பாறைகளை உருவாக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. குறைந்தபட்சத் தண்டனை 3 ஆண்டு சிறை. ரெகுலேட்டர் வழக்கில் நான் உங்களுக்குத் துணை நிற்க முடியும், அதில் சொல்லக்கூடிய ஆறுதல் ரொம்பக் குறைவு.

இப்போது செய்ய வேண்டியது: போர்டிங் பாஸ், பேக்கேஜ் டேக், நான்காம் நாள் மின்னஞ்சல், நிறுவனத்தின் பதில், ரெகுலேட்டர் வாங்கிய ரசீது, பழுது மதிப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து, ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 20,000 ரூபாயும் செலவும் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுங்கள். இந்த நோட்டீஸ் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் பல நேரம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மனு. அதுவரை ரெகுலேட்டரைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சர்வீஸ் கடைக்காரர் கழற்றும் யோக் திருகையும் கேஜையும் அவரிடமே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். ஆணையத்தில் அவற்றைக் காட்ட வேண்டியிருக்கும்.