கட்டற்ற மென்பொருள்: மதுரைக்காரர்களின் கேள்விகள்

கேள்வி (சிம்மக்கல், டிடிபி கடை): கடிதம், கணக்கு எல்லாம் அடிக்கிற லிப்ரே ஆபீஸ் மென்பொருள் இலவசம் என்கிறீர்கள். கடை முழுக்க மாற்றிய பிறகு காசு கேட்டால்?

பதில்: அண்ணே, ‘இலவசம்’ என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். சித்திரைத் திருவிழாவில் நீர்மோரும் இலவசம்தான். அதற்காகப் பந்தல் நம்முடையது ஆகிவிடாது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் அறிவித்த குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் கேட்டது உரிமையை: எதற்கும் பயன்படுத்தலாம், மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, படித்து மாற்றலாம், அப்படியேவோ மாற்றியோ பிறருக்குக் கொடுக்கலாம். நாளைக்கு யார் மனம் மாறினாலும் இன்று வெளியான பிரதியைத் திரும்பப் பிடுங்க முடியாது. அதே வேலைக்கான ஓப்பன் ஆபீஸின் போக்கு பிடிக்காமல் அதில் உழைத்தவர்களே 2010-இல் பிரிந்து தொடங்கியதுதான் இந்த லிப்ரே ஆபீஸ்.

உங்களுக்கு வரப்போகும் தலைவலி வேறு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். முதலில் பத்துக் கோப்பை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (மேலூர், கல்லூரி மாணவர்): எழுதுகிறவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

பதில்: தம்பி, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் மையமான கருநிரலில் பெரும்பகுதியை இன்று எழுதுகிறவர்கள் நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் நிரலை விற்று வளரவில்லை, பராமரிப்புச் சந்தாவை விற்று வளர்ந்தது. 2019-இல் ஐபிஎம் அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது.

எல்லாருக்கும் அந்த யோகம் இல்லை. உங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம் பார்த்திருப்பீர்கள். குடிமராமத்துக்கு ஆள் வராத வருடம் வரத்துக்கால் தூர்ந்துபோகும். இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலும் அப்படித்தான் கிடந்தது. இணையத்தின் பெரும்பகுதி அதை நம்பியிருந்தும், ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். 2014-இல் அதில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை தெரிந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பணத்தோடு வந்தன. அதுவரை தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி (அதே மாணவர்): ஜிபிஎல் என்ற குனு உரிமத்தில் வந்த நிரலை நான் விற்கலாமா?

பதில்: தாராளமாக. விலை உங்கள் இஷ்டம். வாங்கியவர் கேட்டால் மூலநிரலைக் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பக்கத்துக் கடைக்குச் சும்மா கொடுத்தாலும் தடுக்க முடியாது. ஆகவே பொருத்திக் கொடுப்பதற்கும் கூப்பிட்டால் வருவதற்கும் காசு வாங்குங்கள்.

கேள்வி (திருமங்கலம், கணக்கு எழுதுபவர்): லினக்ஸில் டேலி கணக்கு மென்பொருள் ஓடுமா?

பதில்: நேரடியாக ஓடாது, அக்கா. விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஜிஎஸ்டி கடைசித் தேதியை வைத்துக்கொண்டு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். டேலி இருக்கும் கணினியை விட்டுவிட்டு, பிள்ளைகளின் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸைப் போடுங்கள்.